தேயும் எண்கள், தேயாத எண்கள்: பழைய டிசையரும் பழைய எட்டியோஸும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும், நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகிற விலையில் டிக்கி உள்ள பழைய டீசல் கார் தேடுகிறவர் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்பார்: மாருதியின் ஸ்விஃப்ட் டிசையர், டொயோட்டாவின் எட்டியோஸ். பிளவக்கல் அணையடியில் தென்னையும் மாவும் வைத்திருப்பவர், வத்திராயிருப்பில் நெல் போடுபவர், ராஜபாளையத்து மில்களை நம்பித் தொழில் செய்பவர் என ஆள் மாறினாலும் ஓட்டம் பெரிதாக மாறுவதில்லை. வாரத்தில் சில நாள் கூமாபட்டி வழியாகக் குறுகிய ஊர்ச்சாலை, மாதத்தில் சில தடவை ஆஸ்பத்திரிக்கோ விமான நிலையத்துக்கோ திருமங்கலம் வழியாக மதுரை, வருஷத்தில் ஓரிரு முறை செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதை. இரண்டு கார்களின் டீசல் மாடல்களும் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்ததோடு நின்றுபோயின. ஆகவே எதை வாங்கினாலும் பழையதுதான். அப்படியிருந்தும், இரண்டையும் ஒப்பிட உட்காருகிறவர்கள் எடுத்துவைப்பது அவை புதிதாக விற்பனைக்கு வந்தபோது கம்பெனி வெளியிட்ட அட்டவணையைத்தான். குதிரைத்திறன், மைலேஜ், இழுவிசை என்று மேலிருந்து கீழாகப் படித்து, எந்தப் பக்கம் பெரிய எண் இருக்கிறதோ அந்தப் பக்கம் சாய்கிறார்கள்.

அந்த அட்டவணை பொய்யல்ல. ஆனால் அதில் இரண்டு வகை எண்கள் கலந்து கிடக்கின்றன. ஓட ஓடத் தேய்கிற எண்கள் ஒரு வகை. பத்து வருஷம் கழித்தும் முதல் நாள் இருந்தபடியே இருக்கிற எண்கள் இன்னொரு வகை. புதிய கார் வாங்குபவருக்கு இந்தப் பிரிவினை தேவையில்லை, அவருக்கு எல்லா எண்ணும் புதிது. பழைய கார் வாங்குபவரோ தேய்ந்துபோன எண்களைக் காகிதத்தில் படித்துக்கொண்டு, தேயாத எண்களைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார். தேயாதவற்றை வைத்து எந்த மாடல் என்று முடிவு செய்யலாம். தேய்பவற்றை வைத்து எந்த வண்டி என்று மட்டுமே முடிவு செய்ய முடியும். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் டிசையரா எட்டியோஸா என்ற விவாதம் எங்கும் போய்ச் சேராமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

காகிதம் சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். டிசையர் டீசலில் 1248 சி.சி. இன்ஜின், 75 பி.எஸ். திறன், 2000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் இழுவிசை. எட்டியோஸில் 1364 சி.சி., 68 பி.எஸ்., 1800 முதல் 2400 சுற்று வரை 170 நியூட்டன் மீட்டர். சான்றளிக்கப்பட்ட மைலேஜ், 2017 மே மாதம் வந்த மூன்றாம் தலைமுறை டிசையருக்கு லிட்டருக்கு 28.4 கிலோமீட்டர், எட்டியோஸுக்கு 23.59. சி.சி. குறைவு, திறன் அதிகம், மைலேஜும் அதிகம் என்றால் பேச்சே இல்லை, டிசையர்தான் என்று தோன்றும். மைலேஜையே உரசிப் பார்ப்போம், ஏனென்றால் நம் ஊரில் கார் பேச்சின் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் அதுதான். இந்த எண்கள் சாலையில் எடுக்கப்பட்டவை அல்ல. உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத ஒரு வரையறுத்த ஓட்டத்தில் எடுத்தவை. இரண்டு புதிய கார்களை ஒரே தராசில் நிறுத்துவதற்கு அது நியாயமான ஏற்பாடு. சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டு, ஐந்து பேரோடு மதுரைக்குப் போகிற பத்து வயது வண்டியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2012இல் வந்த இரண்டாம் தலைமுறை டிசையர் டீசலின் சான்றளித்த மைலேஜ் 23.4. அதே வண்டி 2015இல் முகம் மாறி வந்தபோது 26.59. 2017இல் 28.4. இன்ஜின் ஒரே 1248 சி.சி.தான். ஒரே பெயருக்குள்ளேயே 5 கிலோமீட்டர் இடைவெளி இருக்கிறது; அது டிசையருக்கும் எட்டியோஸுக்கும் இடையே உள்ள இடைவெளியை விடக் கொஞ்சம் அதிகம். வருஷத்தைச் சொல்லாமல் டிசையர் நல்ல மைலேஜ் தரும் என்று சொல்வதில் பாதி அர்த்தம்கூட இல்லை. 2012 மாடல் டிசையரை எடுத்தால், காகிதத்திலேயே எட்டியோஸ்தான் நூலிழை முன்னால் நிற்கிறது.

மாதச் சம்பளத்தில் ஓடுகிற குடும்பத்துக்கு மைலேஜ் பெரிதில்லையா என்ற மறுப்பு நியாயமானது. கணக்கே பதில் சொல்லட்டும். 28.4க்கும் 23.59க்கும் உள்ள வித்தியாசத்தை அப்படியே நம்பினாலும், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு வண்டி ஏறத்தாழ 35 லிட்டர் குடிக்கும், மற்றது 42 லிட்டர். மிச்சம் 7 லிட்டர். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 660 ரூபாய். வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 6,600 ரூபாய். சின்னத் தொகை என்று தள்ளிவிட முடியாதுதான். ஆனால் தேய்ந்த கிளட்ச் செட்டை மாற்றினாலே இந்த மிச்சத்தில் பெரும்பங்கு போய்விடும். டர்போவோ இன்ஜெக்டர்களோ கைவிட்டால் பல வருஷத்து மிச்சம் ஒரே மாதத்தில் கரையும். அந்தப் பாகங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது மாடலின் பெயரில் எழுதியிருக்காது. ஒழுங்காக ஆயில் மாற்றி, காற்று வடிகட்டி மாற்றி, டயரில் காற்று பார்த்து வைத்திருந்த எட்டியோஸ், கவனிக்காமல் விட்ட டிசையரை விடக் குறைவாகவே குடிக்கும். ஒரே மாடலின் இரண்டு வண்டிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் இரண்டு மாடல்களுக்கு இடையே உள்ளதைத் தாண்டிவிடும் இடம் இதுதான். டேங்க் கொள்ளளவையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். 2017 டிசையரின் டேங்க் 37 லிட்டர், எட்டியோஸுடையது 45 லிட்டர். காகித மைலேஜால் பெருக்கினால் இரண்டும் ஒருமுறை நிரப்பினால் 1,050 கிலோமீட்டரைக் கொஞ்சம் முன்பின்னாகத் தொடுகின்றன. பங்க்குக்குப் போகிற தடவைகளில்கூட வித்தியாசம் இல்லை.

திறனும் இழுவிசையும் இதே கதைதான். 190 பெரிதா 170 பெரிதா என்று கேட்டால் விடை தெரிந்ததே. ஆனால் அந்த இழுவிசை எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதும் கேள்வி. டிசையரின் இன்ஜின் 2000 சுற்றுக்குக் கீழே கொஞ்சம் மந்தமாக இருந்து, டர்போ விழித்ததும் திடீரென்று பாயும் குணமுள்ளது. எட்டியோஸ் 1800இலேயே தன் முழு இழுவையைத் தந்து 2400 வரை அதே அளவில் வைத்திருக்கும். புனலூர் நோக்கி ஏறும் வளைவுகளில், லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போது, காகிதத்தில் பெரிதாக இருந்த 190 கைக்கு வருவதில்லை. சின்ன 170 வந்துவிடும். புதிய வண்டிகளிலேயே இப்படியென்றால், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த எண்களுக்கு என்ன மதிப்பு? பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்திருக்கும், டர்போவின் தண்டு ஆடத் தொடங்கியிருக்கும், இன்ஜெக்டர்கள் நான்கும் நான்கு அளவில் டீசல் தெளிக்கும். இதையெல்லாம் அளக்க வழி இருக்கிறது. குளிர்ந்த நிலையில் வண்டியைக் கிளப்பிப் புகையின் நிறம் பார்ப்பது, இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் ஆவி தள்ளிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பது, மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வார்களே அது. ஸ்கேனர் போட்டு ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு திருத்தம் கேட்கிறது என்று படிப்பது, மேல் கியரில் மேட்டில் ஏற்றி, சுற்று ஏறியும் வேகம் ஏறாமல் கிளட்ச் வழுக்குகிறதா என்று கவனிப்பது. பழைய காரின் திறன் அட்டவணை இவைதான். அரைநாள் மெனக்கெட்டால் எழுதிவிடலாம்.

இங்கே வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. தேய்மானமும் மாடலைப் பொறுத்ததுதானே, உறுதியாகச் செய்த இன்ஜின் மெதுவாகத் தேயும், அப்படியானால் டொயோட்டா என்ற பெயரே ஓர் உத்தரவாதமில்லையா என்று கேட்கலாம். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை. டிசையரின் இன்ஜின் மாருதியின் சொந்தச் சரக்கல்ல. ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய மல்டிஜெட். 2005இல் அதன் அளவுப் பிரிவில் உலகின் சிறந்த இன்ஜின் விருது வாங்கியது. இந்தியாவில் ஸ்விஃப்ட், ஃபியட் புன்ட்டோ, டாடாவின் விஸ்டா, மான்ஸா, செஸ்ட் என்று அது ஏறாத கார் குறைவு. இந்தியாவின் தேசிய டீசல் இன்ஜின் என்று ஆட்டோமொபைல் பத்திரிகைகள் அதை அழைத்தது பாதி கிண்டல், பாதி மரியாதை. எட்டியோஸின் இன்ஜினும் சாதாரணமானதல்ல. முழுக்க அலுமினியத்தில் வார்த்த அந்த டொயோட்டா இன்ஜின் ஐரோப்பாவில் யாரிஸிலும், ஒரு காலத்தில் பி.எம்.டபிள்யூவின் மினி காரிலும் ஓடியது. இரண்டிலும் டைமிங் செயின்தான், குறித்த கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டிய பெல்ட் கிடையாது. இரண்டிலும் எளிய வகை டர்போதான். இப்படி இரண்டு தேர்ந்த இன்ஜின்களுக்கு இடையே உள்ள உறுதி வித்தியாசம், அவற்றை வைத்திருந்த இரண்டு ஓனர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தின் முன்னால் சிறுத்துவிடுகிறது. டொயோட்டா இன்ஜின் சாகாது என்ற நம்பிக்கைக்கு வேறொரு பக்கவிளைவும் உண்டு. அந்த நம்பிக்கையை வைத்தே, டாக்ஸியாக நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடி முடித்த எட்டியோஸுக்கும் நல்ல விலை கேட்கப்படுகிறது. மாடலின் பெருமைக்குப் பணம் கொடுத்து, அந்தப் பெருமையைச் செலவழித்து முடித்த வண்டியை வாங்குவதாகிவிடும்.

டாக்ஸி என்றதும் டி போர்டு விவகாரம் வந்துவிடுகிறது. இந்த இரண்டு கார்களும் தமிழ்நாட்டு வாடகைக் கார் உலகத்தின் தூண்களாக இருந்தவை. மாருதி தன் பழைய உருவ டிசையரை டூர் என்ற பெயரில் அந்தச் சந்தைக்காகவே விற்றது. எட்டியோஸ் பல கம்பெனிகளின் வாடகைக் கார் வரிசையில் கூட்டமாக நின்றது. வாடகை வண்டிக்கான மஞ்சள் பலகையை எடுத்துவிட்டு ஓன் போர்டாக, அதாவது சொந்த வாகனமாக, மாற்றிய வண்டிகள் சந்தையில் நிறைய. ஆர்.சி.யில் முந்தைய வகை தெரியவில்லையென்றாலும் போக்குவரத்து அலுவலகப் பதிவில் அந்த வரலாறு இருக்கும். கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். அதற்காக டி போர்டு வண்டி என்றால் மோசம், ஓன் போர்டு என்றால் உத்தமம் என்றும் சொல்லிவிட முடியாது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் மூன்று லட்சம் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய டீசல் இன்ஜின், ஊருக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர் போய்ப் போய் நின்ற அறுபதாயிரம் கிலோமீட்டர் இன்ஜினை விட ஆரோக்கியமாக இருக்கக்கூடும். சூடு ஏறாமலே அணைக்கப்படும் டீசல் இன்ஜினில் புகைக்கரி படியும், ஆயில் கெடும். குறைந்த கிலோமீட்டர் என்ற எண்ணும் தனியாக நின்று எதையும் நிரூபிப்பதில்லை. அந்த எண்ணே உண்மையா என்பது வேறு. டிஜிட்டல் மீட்டரைப் பின்னுக்குத் தள்ளுவது பழைய முள் மீட்டரைத் திருகுவதை விட எளிதாகிவிட்டது. சர்வீஸ் பதிவுகள், டயரில் வாரமும் வருஷமுமாகப் பொறித்திருக்கும் நாலு இலக்க எண், ஸ்டியரிங்கின் வழவழப்பு, பெடல் ரப்பரின் தேய்வு ஆகியவை மீட்டர் மறைப்பதைச் சொல்லிவிடும்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலையே தர முன்வருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் விலகிக்கொள்வார். சந்தையில் மோசமானவை பெருகும். அவர் சொல்லும் அந்த மறைந்த தகவல் முழுவதும் தேய்கிற எண்களில்தான் இருக்கிறது. வீல்பேஸை யாராலும் மறைக்க முடியாது, கம்ப்ரஷனை மறைக்கலாம். ராஜபாளையம் போன்ற ஊரில் இதற்கு ஒரு பாதி மருந்து இயல்பாகவே இருக்கிறது. டி.என். 67 அல்லது டி.என். 84 எண்ணுள்ள வண்டி என்றால் அதை வைத்திருந்தவரை யாருக்காவது தெரிந்திருக்கும். எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டார், எங்கே மோதினார் என்பது இரண்டு டீக்கடை தள்ளி விசாரித்தால் வந்துவிடும். வெளியூர் வண்டிக்கு இந்த வசதி கிடையாது. 2018 ஆகஸ்டில் கேரளத்திலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் வந்த வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். அவற்றில் ஒன்று கழுவித் துடைக்கப்பட்டு மலிவாக வந்து நின்றால், சீட்டுக்கு அடியில் உள்ள இரும்பின் துருவும் பெல்ட்டை முழுதாக இழுத்தால் தெரியும் சேற்றுக்கோடும்தான் சாட்சி. டெல்லியில் பத்து வருஷம் கடந்த டீசல் கார்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் விதித்த தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு, அங்கிருந்து மலிவாக வெளியேறிய வண்டிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தடையில்லாச் சான்று, மறுபதிவு, இங்கே கட்டவேண்டிய வரி எல்லாம் சேர்ந்த பிறகு மலிவு அவ்வளவு மலிவாக இருக்காது.

இனி தேயாத எண்கள். இவற்றில்தான் இந்த இரண்டு கார்களும் உண்மையாகவே வேறுபடுகின்றன. முதல் தலைமுறை டிசையர் 2008இல் வந்தபோது அதன் நீளம் 4160 மில்லிமீட்டர், டிக்கி 440 லிட்டர். 2012இல் வந்த இரண்டாம் தலைமுறையின் நீளம் 3995, டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. தொழில்நுட்பம் பின்னோக்கிப் போகவில்லை. காரணம் வரி. 2006 மத்திய பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன இன்ஜின் கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16ஆகக் குறைக்கப்பட்டது. அந்தக் கோட்டுக்குள் நுழைவதற்காக டிசையரின் வாலை வெட்டினார்கள். வெட்டியதால் வந்த வரிச் சலுகை முதல் ஓனரின் பில்லில் கழிந்துபோயிற்று. அந்தச் சலுகையின் வாசனை பழைய வண்டியின் விலையில் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம். ஆனால் வெட்டிய டிக்கியோ முழுசாக இரண்டாவது, மூன்றாவது ஓனரின் தலையில்தான் இருக்கிறது. எட்டியோஸ் அந்த வரிக் கோட்டுக்குப் பணியவில்லை. 4265 மில்லிமீட்டர் நீளம், 595 லிட்டர் டிக்கி. புதிதாக விற்றபோது அது வரியில் நஷ்டப்பட்டது. பழசாக வாங்குபவருக்கு அந்த நஷ்டம் ஒரு பொருட்டல்ல, டிக்கி மட்டும் அப்படியே இருக்கிறது. 2017 டிசையரின் டிக்கி 378 லிட்டர் வரை மீண்டது. அதுவும் எட்டியோஸை எட்டவில்லை. தோப்பிலிருந்து மாங்காய்ப் பெட்டிகளை உறவுக்காரர் வீட்டுக்கு ஏற்றிப் போகிறவருக்கும், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரிக்காகத் தாணிப்பாறை அடிவாரம் வரை மூட்டை முடிச்சோடு போகிற குடும்பத்துக்கும் இந்த 200 லிட்டர் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியும். 7 லிட்டர் டீசல் மிச்சம் அப்படித் தெரியாது. வீல்பேஸும் அப்படித்தான்: எட்டியோஸ் 2550, டிசையர் 2430, பிறகு 2450. பின்சீட்டில் நடுவில் உட்காருபவரின் கால் வைக்கும் தரை எட்டியோஸில் ஏறக்குறைய சமமாக இருக்கும். மூன்று பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்து மதுரை வரை போகிற வீட்டில் இதைப் புரியவைக்க வாதம் தேவைப்படாது.

தேயாத எண்களெல்லாம் எட்டியோஸின் பக்கமே நிற்கின்றன என்று நினைத்துவிட வேண்டாம். யாரும் பார்க்காத ஒரு வரி, டயர் அளவு. நடுமட்ட டிசையர் டீசலில் 165/80 ஆர்14. அதே மட்ட எட்டியோஸில் 175/65 ஆர்14. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அதில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. பெருக்கிப் பார்த்தால் டிசையரின் டயர்ச்சுவர் 132 மில்லிமீட்டர், எட்டியோஸில் 114க்குக் கொஞ்சம் கீழே. மழைக்காலம் முடிந்து பிளவக்கல் பக்கத்து ஊர்ச்சாலைகளில் பெயர்ந்து கிடக்கும் ஜல்லியிலும் பள்ளங்களிலும் அந்தக் கூடுதல் ரப்பர்தான் ரிம்மையும் சஸ்பென்ஷனையும் காப்பாற்றும். நீளம் குறைந்ததும் சில இடங்களில் வரம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் வண்டியை ஓரங்கட்டவும், தோப்பு வாசலில் திருப்பவும் குட்டையான டிசையர் சுலபம். திரும்பும் ஆரமும் 4.8 மீட்டர், எட்டியோஸுக்கு 4.9. பெரும்பாலும் ஒருவரோ இருவரோ போகிற, ஊரை விட்டு அதிகம் வெளியேறாத ஓட்டத்துக்கு இவை டிக்கியை விட முக்கியமான எண்கள்.

பாதுகாப்பு என்ற எண்தான் எல்லாவற்றிலும் தேயாதது, எல்லாவற்றிலும் குறைவாகக் கேட்கப்படுவதும் அதுவே. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்ட்டை மோதிப் பார்த்தபோது பெரியவர்கள் பாதுகாப்புக்குப் பூஜ்யம் நட்சத்திரம் கிடைத்தது. இரண்டாம் தலைமுறை டிசையர் அந்த ஸ்விஃப்ட்டின் உடன்பிறப்பு. 2016இல் இரண்டு ஏர்பேக் உள்ள எட்டியோஸ் லிவா நாலு நட்சத்திரம் வாங்கியது. 2018இல் புதிய ஸ்விஃப்ட், இரண்டு ஏர்பேக்கோடு, இரண்டு நட்சத்திரம். சோதித்தவை டிக்கியில்லாத கார்கள், நம் விவாதத்திலுள்ள செடான்கள் அல்ல என்று ஒருவர் சொல்லலாம், சரிதான். ஆனால் முன்பக்க மோதலைத் தாங்கும் அடித்தளம் இரண்டு ஜோடியிலும் பொதுவானது என்பதால் சான்றாக எடுத்துக்கொள்ளத் தடையில்லை. எட்டியோஸில் 2015 முதல் எல்லா மட்டத்திலும் இரண்டு ஏர்பேக். டிசையரில் 2017 தலைமுறையிலிருந்து. அதற்கு முந்தைய கீழ்மட்ட டிசையர்கள் ஏர்பேக் இல்லாமல் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன, அவைதான் மலிவாகவும் கிடைக்கின்றன. இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்யலாம், கிளட்ச்சை மாற்றலாம், ஏர்பேக்கைப் பின்னால் வாங்கி மாட்ட முடியாது. எப்போதோ மோதி விரிந்த ஏர்பேக்கை மாற்றாமல் மூடி மட்டும் போட்டு விற்பதும் நடக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு.

கடைசியாக வருகிற மறுப்பு, என் கணக்கில் மிகக் கனமானதும் அதுவே: மாருதிக்கு எந்த ஊரிலும் ஆள் உண்டு, டொயோட்டாவுக்கு எங்கே போவது? டொயோட்டாவை விட மாருதியின் சர்வீஸ் வலை பல மடங்கு பெரிது. மல்டிஜெட் அத்தனை கம்பெனிக் கார்களில் இருந்ததால் ரோட்டோர ஒர்க்‌ஷாப்பிலும் அதன் நாடி தெரியும். பழைய பாகக் கடையிலும் உதிரி கிடைக்கும். எட்டியோஸின் இன்ஜின் இங்கே அதன் சொந்தக் குடும்பத்தையும் கொரோலா ஆல்டிஸின் டீசலையும் தாண்டிப் பரவவில்லை. இதுவும் தேயாத எண்தான். வருஷம் ஆக ஆக டிசையருக்குச் சாதகமாகக் கூடவும் செய்யும். ஆகவே, வண்டி நின்றுவிட்டால் அன்றைக்கே சரியாகி மறுநாள் ஓடியாக வேண்டும் என்ற தொழில் உள்ளவர், எட்டியோஸின் மற்ற எல்லா அனுகூலத்தையும் மீறி டிசையரைத் தேர்ந்தெடுத்தால் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். மறுவிற்பனை மதிப்பு என்ற வாதத்துக்கு அவ்வளவு இடம் கொடுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே எட்டு, பத்து வயதான காரில் விலை விழுவதற்கு அதிகம் மிச்சமில்லை.

டீசலே வேண்டுமா என்ற கேள்வியையும் கேட்டுவிடுவது நல்லது. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அரசு டீசல் விலையைக் கட்டி வைத்திருந்த காலம் அது. 2014 அக்டோபரில் கட்டு அவிழ்ந்த பிறகு இடைவெளி சுருங்கி, பின்னர் 8 ரூபாயை ஒட்டி நின்றது. அந்த மானியக் காலத்தில் டீசல் கார் வாங்கியவர்கள் நிறைய ஓட்டுபவர்கள். இன்று அந்த வண்டிகள் நிறைய ஓடியவை. மாதம் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போகாத வீட்டுக்கு, டீசல் இன்ஜினின் விலையுயர்ந்த இன்ஜெக்டரையும் டர்போவையும் தாங்குவதற்கான நியாயம் இப்போது இல்லை; இதே இரண்டு கார்களின் பெட்ரோல் மாடலைப் பார்க்கலாம். டீசலே என்று முடிவெடுத்தவர் இன்னொரு தேயாத எண்ணையும் பார்க்க வேண்டும், பதிவான தேதி. சொந்த வாகனத்தின் பதிவு 15 வருஷத்துக்கு. 2012இல் பதிவான வண்டி 2027இல் மறுபதிவுக்கு நிற்கும். எஃப்.சி. பார்த்து, கட்டணம் கட்டி, வரி கட்டி, ஐந்து வருஷம் நீட்டித்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரல் முதல் 15 வருஷம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் மத்தியக் கட்டணமே 5,000 ரூபாய் ஆகிவிட்டது. இரண்டு வருஷ ஆயுள் உள்ள ஆர்.சி.யோடு வருகிற வண்டியின் விலையில் இது கழிய வேண்டும்.

இவ்வளவையும் வைத்து என் முடிவைச் சொல்வதானால், நாலைந்து பேர் சேர்ந்து அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிற குடும்பத்துக்கு 2015க்குப் பிந்தைய, உள்ளூரில் ஓன் போர்டாக ஓடிய எட்டியோஸ். ஊரோடு ஒட்டிய ஓட்டம், மோசமான சாலை, உடனடிப் பழுதுபார்ப்பு தேவைப்படுபவருக்கு 2017க்குப் பிந்தைய டிசையர். 2012க்கும் 2016க்கும் இடைப்பட்ட கீழ்மட்ட டிசையரை மட்டும் எந்த விலைக்கும் பரிந்துரைக்கத் தயக்கமாக இருக்கிறது. சின்ன டிக்கி, ஏர்பேக் இல்லை, காகித மைலேஜிலும் 23.4இல் தொடங்கியது. எந்த வண்டியானாலும் படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி 30 நாளுக்குள் ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது வாங்குபவரின் சட்டக் கடமை. விற்பவருக்கோ அது உயிர்ப் பிரச்சினை. கைமாறிய வண்டி விபத்துக்குள்ளானால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது.